‘உணர்ச்சி நிலையின்மை’: ஒரு சொல்லும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும்

மருந்தின் நன்மையைப் பேசப் பலர் உளர். நோய் தீர்ந்தவர் பேசுகிறார். கொடுத்த மருத்துவர் பேசுகிறார். விற்பவரோ எல்லாரினும் உரத்துப் பேசுகிறார். அதன் தீமையைப் பேசுவதற்குப் பெரும்பாலும் எஞ்சுவது எழுத்து ஒன்றே. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் தாளும், அத்தாளுக்கு மூலமாக நிற்கும் ஆராய்ச்சிக் கட்டுரையுமே அவ்வெழுத்து. செய்யுளில் ஒரு சொல் பிறழ்ந்தால் அதன் நயம் கெடும். மருத்துவக் கட்டுரையில் ஒரு சொல் பிறழ்ந்தால், முகமறியா ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் இலக்கியத்தை ஆராய்வது போலவே மருத்துவக் கட்டுரையையும் சொல் சொல்லாக ஆராய்வது திறனாய்வின் கடமையாகிறது.

அத்தகைய ஆய்வுக்கு ஏற்ற கட்டுரை ஒன்று 2001-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்கக் குழந்தை-இளையோர் உளமருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் கெல்லரும் அவருடன் இருபத்தொருவரும் அதற்கு ஆசிரியர்களாகப் பெயர் கொடுத்திருந்தனர். மருத்துவ உலகில் அது ‘329-ஆம் ஆய்வு’ என்றே அறியப்படுகிறது. மனச்சோர்வுற்ற இளையோர்க்குப் பெராக்சிடீன் என்னும் மருந்து பயன் தருமா, தீங்கு செய்யுமா என்பதே அதன் பொருள்.

‘பக்க விளைவு’ என்பது யாது?

கட்டுரைக்குள் புகுமுன் ‘பக்க விளைவு’ என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அமைத்துக்கொண்ட மொழிபெயர்ப்பு இது. நடுவே நேர்விளைவு ஒன்று உண்டு என்றும், மற்றவை ஓரத்தில் ஒதுங்கி நிற்பவை என்றும் இச்சொல் ஒரு படத்தை வரைகிறது. உடலுக்கோ நடுவும் தெரியாது, ஓரமும் தெரியாது. உள்ளே சென்ற மருந்து தன்னால் இயன்ற அனைத்தையும் செய்கிறது. அவற்றுள் மனிதன் விரும்பியதை ‘பயன்’ என்கிறான். விரும்பாததைப் ‘பக்க விளைவு’ என்கிறான்.

மனச்சோர்வு மருந்துகளின் வரலாறே இதற்குச் சான்று. 1952-இல் ஐப்ரோனையசிட் என்னும் மருந்து காசநோய்க்காக நியூயார்க் நகரின் சீ வியூ மருத்துவமனையில் கொடுக்கப்பட்டது. நோயாளிகள் சிலர் வழக்கத்துக்கு மாறாக ஊக்கமும் மகிழ்ச்சியும் கொண்டனர். காசநோய் மருத்துவர்க்கு அது பக்க விளைவு. சில ஆண்டுகளில் உளமருத்துவர் நேதன் கிளைன் முதலியோர் அதையே நேர்விளைவாகக் கொண்டு மனச்சோர்வுக்கு அம்மருந்தை வழங்கினர். பின்னர் அது கல்லீரலைக் கெடுப்பது தெரிந்ததும் கைவிடப்பட்டது. மருந்து மாறவில்லை, நோக்கம் மாறியது, அதனால் பெயரும் மாறியது. எது நடு, எது ஓரம் என்று முடிவு செய்வோர் யார் என்னும் கேள்வியே இப்பொருளின் உயிர்நிலை எனலாம்.

புதிய மருந்துகளும் அவற்றின் தன்மையும்

பெராக்சிடீன் ‘செரோட்டோனின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்துகள்’ என்னும் வகையைச் சேர்ந்தது. மூளையின் நரம்பணுக்கள் தமக்குள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் பொருள்களுள் செரோட்டோனின் ஒன்று. அது வெளிவந்ததும் அதே அணு அதனைத் திரும்ப இழுத்துக்கொள்வது இயல்பு. இவ்வகை மருந்துகள் அந்த இழுப்பைத் தடுக்கின்றன. ‘புரோசாக்’ என்னும் பெயரில் விற்கப்பட்ட ஃபுளுவாக்சிடீன் 1987-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் இசைவு பெற்றது. பெராக்சிடீன் 1992-இன் இறுதியில் அங்கு இசைவு பெற்று ‘பாக்சில்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் ‘செரோக்சாட்’.

முந்திய மருந்துகளை நோக்க இவை பாதுகாப்பானவை என்பது உண்மையே. இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகள் வாயை உலர்த்தும். இதயத் துடிப்பைக் குழப்பும். அளவு மீறினால் உயிரையே கொல்லும். புதியவற்றில் அந்த ஆபத்து மிகக் குறைவு. எனினும் செரோட்டோனின் மூளையில் மட்டும் இருப்பதன்று. குடலிலும் குருதித் தட்டணுக்களிலும் அது உண்டு. ஆகவே குமட்டலும் வயிற்றுப்போக்கும் தோன்றுகின்றன, குருதிக்கசிவுக்கு இடமுண்டாகிறது. உறக்கம் கெடுகிறது, வியர்வை மிகுகிறது, பாலுணர்ச்சி மங்குகிறது. முதியோர்க்குக் குருதியில் உப்புச் சத்துக் குறைதலும் உண்டு. சிலர்க்கு ஓரிடத்தில் இருக்கவொட்டாத அமைதியின்மை எழுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வருகின்றன. உடலிலிருந்து விரைவில் நீங்கிவிடுவதால் பெராக்சிடீனில் இத்தொல்லை மிகுதி. இவ்வளவும் மருத்துவ நூல்கள் ஒப்புக்கொண்டவை. ஒப்புக்கொள்ளப்படாமல் நெடுநாள் மறைந்து நின்றது வேறொன்று. அதனை மறைத்த திரை ஒரு சொல்.

கட்டுரை சொன்னது

ஆய்வு 1994 முதல் 1998 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பன்னிரண்டு மையங்களில் நடந்தது. 12 முதல் 18 வயது வரையிலான 275 இளையோர் அதில் சேர்க்கப்பட்டனர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் அவர்கள் மூன்று பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். 93 பேர்க்குப் பெராக்சிடீன். 95 பேர்க்கு இமிப்ரமின். 87 பேர்க்கு மருந்தற்ற போலி மாத்திரை. எட்டு வாரத்திற்குப் பின் பயனும் தீங்கும் கணக்கிடப்பட்டன. பெராக்சிடீன் இளையோரால் பொதுவாக நன்கு தாங்கப்படுகிறது, பயனும் தருகிறது என்பதே கட்டுரை கண்ட முடிவு.

பயனைப் பற்றிய கூற்று முதலில் ஆராயத்தக்கது. எவற்றை அளந்து வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது என்று ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே எட்டு அளவைகள் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வெட்டில் ஒன்றிலேனும் பெராக்சிடீன் போலி மாத்திரையை வெல்லவில்லை. கட்டுரை வெற்றியாகக் காட்டிய நான்கு அளவைகளும் அத்திட்டத்தில் முன்னரே குறிக்கப்பட்டவை அல்ல. அம்பு எய்த பின் அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து, குறி தவறவில்லை என்று காட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

இனித் தீங்கு. கட்டுரையிலேயே ஓர் எண்ணிக்கை உள்ளது. கடுமையான தீங்குற்றோர் பெராக்சிடீன் பகுதியில் 11 பேர். இமிப்ரமின் பகுதியில் 5 பேர். போலி மாத்திரைப் பகுதியில் 2 பேர். அதாவது பெராக்சிடீன் உண்டவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 12. போலி மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 2. இவ்வளவு தெளிவான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ‘நன்கு தாங்கப்படுகிறது’ என்று எழுத எப்படி இயன்றது? மூன்று வழிகளால் இயன்றது. மூன்றும் மொழி சார்ந்தவை என்பது கருதத்தக்கது.

முதல் வழி: பெயர் சூட்டல்

பதினொருவருள் ஐவர்க்கு நேர்ந்ததைக் கட்டுரை ‘உணர்ச்சி நிலையின்மை’ என்று குறித்தது. இச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் எழும் படம் யாது? எளிதில் அழுதல், எளிதில் சினத்தல், காலையில் சிரித்து மாலையில் முகம் வாடுதல் என்பனவே. பருவ வயதுப் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் காணக்கூடியவை அவை. ஆனால் அப்பெயரின் கீழ் அடக்கப்பட்டவை தற்கொலை எண்ணங்களும் தற்கொலை முயற்சிகளும் ஆகும். கட்டுரை அடைப்புக்குறிக்குள் அதனை உதாரணம்போலச் சொல்லிச் செல்கிறது. உதாரணமாக வந்தது உண்மையில் பொருளே என்பதை விரைந்து படிப்பவர் எவ்வாறு உணர்வர்?

இது கட்டுரையாளர் புதிதாகப் புனைந்த சொல் அன்று. மருந்து நிறுவனங்கள் தீங்குகளைப் பதிவதற்கென வைத்திருந்த குறியீட்டு அகராதியில் இருந்த சொல்லே அது. மருத்துவர் தம் குறிப்பில், இந்தப் பிள்ளை மாத்திரைகளை அள்ளி விழுங்கினான் என்பதுபோல் எழுதுவார். அதனைப் படிக்கும் எழுத்தர் அகராதியைப் புரட்டி, அதற்குரிய பொதுச்சொல்லைத் தேர்ந்து பதிவார். அட்டவணைக்குச் செல்வது பொதுச்சொல் மட்டுமே. பிள்ளையும் மாத்திரையும் குறிப்பேட்டிலேயே தங்கிவிடுவர். இடக்கரடக்கல் என்னும் மரபைத் தமிழ் அறியும். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் நாகரிகம் அது. கேட்போர்க்குப் பொருள் விளங்கியே தீரும். இங்கு நிகழ்ந்ததோ பொருளே விளங்காதபடி மறைத்தல். முன்னது நாகரிகம்; பின்னது கேடு.

இரண்டாம் வழி: ஒன்றாகக் கலத்தல்

தலைவலியையும் தலைச்சுற்றலையும் உளத் தீங்குகளையும் அந்த அகராதி ‘நரம்பு மண்டலம்’ என்னும் ஒரே தலைப்பின் கீழ் வைத்தது. தலைவலி எல்லார்க்கும் வருவது. போலி மாத்திரை உண்டவர்க்கும் வருவது. மூன்று பகுதியிலும் தலைவலி மலிந்திருக்க, அதனோடு உளத் தீங்கையும் சேர்த்துக் கூட்டினால் வேறுபாடு மங்கிப்போகும். ஒரு குடம் நீரில் கலந்த உப்பின் கரிப்பு நாவுக்கு எட்டுமா? மேலும், நூற்றுக்கு ஐவர்க்குக் குறையாமல் நேர்ந்த தீங்குகளையே கட்டுரையின் பொது அட்டவணை காட்டியது. அரிதாக நேர்வன வெளியே நின்றன. கொடிய தீங்குகள் பெரும்பாலும் அரியவை என்பதை மருத்துவம் அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாம் வழி: காரணம் மறுத்தல்

கடுமையான தீங்குற்ற அப்பதினொருவருள் பதின்மர்க்கு நேர்ந்தவை உள்ளத்தையும் நடத்தையையும் பற்றியவை: தற்கொலை எண்ணமும் முயற்சியும், மனச்சோர்வு முற்றுதல், மூர்க்கம், அளவு மீறிய களிப்பு. எஞ்சிய ஒருவர்க்கு, மருந்தைக் குறைத்து நிறுத்தும்போது வந்த தலைவலி. இவர்களுள் ஒருவரின் தீங்கே மருந்தால் நேர்ந்ததாக மருத்துவர் கருதினார் என்று கட்டுரை கூறுகிறது. எவருடையது? தலைவலி வந்தவருடையது!

அந்த மருத்துவர்கள் யார் எந்த மாத்திரை உண்டார் என்பதை அறியாமலே அவ்வாறு கருதினர் என்பது உண்மை. அவர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு எதற்காக ஏற்பட்டது? தனித்தனி நோயாளியிடத்தில் எது மருந்தால் வந்தது, எது நோயால் வந்தது என்று பிரித்தறிய மருத்துவரால் இயலாது என்பதற்காகவே ஏற்பட்டது. பகுதியும் பகுதியும் ஒப்பிட்டபோது 11-க்கு எதிரே 2 என்று ஆய்வு விடை சொல்லிவிட்டது. அவ்விடையை ஒதுக்கிவிட்டு, மருத்துவரின் தனிக்கருத்தைத் துணைக்கழைத்தது கட்டுரை. தராசில் நிறுத்த பின்னும் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வது வணிகமும் ஆகாது, அறிவியலும் ஆகாது.

எழுதியவர் யார்?

இருபத்திருவர் பெயர் தாங்கிய அக்கட்டுரையின் முதற்படியை எழுதியவர், மருந்து நிறுவனம் அமர்த்திய ஓர் எழுத்து நிறுவனத்தார் என்பது பின்னர் வழக்குகளின் வாயிலாக வெளிப்பட்டது. இளையோர்க்கு மருந்து பயன்படவில்லை என்று எழுதுவது வாணிகத்திற்கு ஒவ்வாது என்னும் கருத்துடைய நிறுவனத்தின் 1998-ஆம் ஆண்டு உட்குறிப்பு ஒன்றும் 2004-இல் கனடிய மருத்துவ இதழால் வெளியாயிற்று. பின் நடந்தவை வரலாறு. 2003 ஜூனில் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, 18 வயதுக்குக் குறைந்தோர்க்கு மனச்சோர்வுக்காகப் பெராக்சிடீன் தரலாகாது என்று அறிவித்தது. 2004-இல் நியூயார்க் மாநில அரசு கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் 25 லட்சம் டாலர் கொடுத்து, ஆய்வு முடிவுகளை வெளியிடவும் இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது. 2012 ஜூலையில் அமெரிக்க அரசுடன் அந்நிறுவனம் 300 கோடி டாலருக்கு உடன்பட்டது. வேறு மருந்துகள் பற்றிய குற்றச்சாட்டுகளும் அடங்கிய அவ்வுடன்பாட்டில், பெராக்சிடீனை இளையோர்க்குச் சட்டத்துக்கு மாறாகப் பரப்பியதும் ஒன்று.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்போர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். விற்பவர்க்கு அந்த நான்கனுள் இடமில்லை. இக்காலத்தில் அவர் இல்லாமல் மருந்து செய்தலும் ஆய்தலும் இயலா என்பது உண்மையே. எனினும் மருத்துவர் பேசவேண்டிய இடத்தில் நின்று அவர் பேசுவாராயின், கேட்பவர்க்கு அது தெரிந்தாகவேண்டும் அன்றோ?

மறுவாசிப்பு

2015 செப்டம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதே ஆய்வு இரண்டாம் முறை எழுதப்பட்டது. ஜோவன்னா லெ நூரி, டேவிட் ஹீலி, ஜான் ஜூரைடினி முதலிய எழுவர் இதனைச் செய்தனர். புதிய நோயாளி ஒருவரையும் அவர்கள் ஆராயவில்லை. பழைய குறிப்பேடுகளையே மீண்டும் படித்தனர். நோயாளிகளைப் பற்றிய ஏறத்தாழ 77,000 பக்கங்கள் அவர்கள் முன் இருந்தன. நிறுவனத்தின் கணினித் திரை வழியாகவே அவற்றைக் காண இசைவு கிடைத்தது.

மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவையில் பெராக்சிடீன் உண்டவர்க்கு 10.7 புள்ளியும், இமிப்ரமின் உண்டவர்க்கு 9.0 புள்ளியும், போலி மாத்திரை உண்டவர்க்கு 9.1 புள்ளியும் குறைந்தன என அவர்கள் காட்டினர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. தற்கொலை எண்ணமோ தற்கேடோ நேர்ந்தவர் பெராக்சிடீன் பகுதியில் ஐவர் அல்லர், 11 பேர் என்று கண்டனர். கடுந்தீங்குக் கணக்கில் முன்னர் வந்த பதினொன்றும் இதுவும் வேறு வேறு கணக்குகள் என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். போலி மாத்திரைப் பகுதியில் அத்தகையோர் ஓரிருவரே. எண்ணிக்கை இவ்வாறு இரட்டித்தது புதிய உண்மையால் அன்று. பழைய உண்மைக்கு உரிய பெயரைத் திரும்பக் கொடுத்ததால்.

மறுவாசிப்பும் குறைக்கு அப்பாற்பட்டதன்று. குறிப்பேடுகளுள் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுடையவற்றையே அவர்களால் முழுதும் படிக்க இயன்றது. பெயர் சூட்டல் அவர்கள் கையிலும் ஓரளவு கருத்தைச் சார்ந்ததே. குழுவினருள் சிலர் முன்னரே அம்மருந்தைக் குறை கூறி வந்தவர்கள். எண்ணிக்கைகளும் சிறியவை. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இவர்கள் தாங்கள் எந்தச் சொல்லை எங்கு வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பதைத் திறந்து வைத்தார்கள். மாறுபடுவோர் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். முதற் கட்டுரையில் அவ்வாயில் அடைபட்டிருந்தது. இத்தனைக்கும் பின்னரும், மறுவாசிப்பு வெளிவந்த நாளில் பழைய கட்டுரை திரும்பப் பெறப்படாமலே இருந்தது.

அச்சமா, அறிவா?

இத்தகைய திறனாய்வு நோயாளியை அச்சுறுத்தி மருந்தைக் கைவிடச் செய்யாதா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. அமெரிக்க உணவு-மருந்துத் துறை 2004-இல் 24 ஆய்வுகளையும் 4,400-க்கு மேற்பட்ட இளையோரையும் சேர்த்து நோக்கியது. தற்கொலை எண்ணமும் முயற்சியும் மருந்து உண்டவரிடை நூற்றுக்கு 4, போலி மாத்திரை உண்டவரிடை நூற்றுக்கு 2 என்று கண்டது. அவ்வாய்வுகளில் உயிரிழந்தவர் ஒருவரும் இலர். அவ்வாண்டு அக்டோபரில் மருந்துத் தாளில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை ஏறியது. 2007-இல் அது 24 வயது வரை விரிக்கப்பட்டது. அவ்வயதைக் கடந்தோர்க்கு இந்த ஆபத்து மிகவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டோர்க்குக் குறைந்தே காணப்பட்டது. ஃபுளுவாக்சிடீன் போன்ற மருந்து இளையோர் சிலர்க்கும் பயன்படுகிறது. எச்சரிக்கையால் மருந்து குறைந்து, அதனால் வேறு கேடு விளைந்ததோ என்னும் வாதமும் அறிஞரிடையே எழுந்தது.

ஆகவே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம், மருந்தை வீசி எறிக என்பதன்று. மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவதே ஒரு தீங்கு. மருந்து தொடங்கிய முதற் சில வாரங்களிலும் அளவு மாறும் போதும் பிள்ளையை அருகிருந்து கவனிக்க வேண்டும் என்பதே பாடம். ஆனால் எதைக் கவனிப்பது? ‘உணர்ச்சி நிலையின்மை’ என்று படித்த தாய், பிள்ளை அழுவதைக் கண்டு, இது மருந்தின் சிறு விளைவு என்று வாளாவிருப்பாள். ‘தற்கொலை எண்ணம் எழக்கூடும்’ என்று படித்த தாய், இரவில் அவன் அறைக் கதவைத் திறந்து பார்ப்பாள். இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் அதுவே.

தமிழில் மருத்துவம் எழுதுவோர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. ஆங்கில அட்டவணையின் மங்கிய சொற்களை அவ்வாறே பெயர்த்தால் அம்மயக்கமும் கூடவே பெயர்ந்து வரும். கலைச்சொல் ஆக்குவோர் சொல்லின் அழகையும் தூய்மையையும் பார்ப்பது போலவே, படிப்பவர் அதனால் எதைத் தெரிந்துகொள்வார் என்பதையும் பார்க்க வேண்டும். ‘பக்க விளைவு’ என்பதற்கு மாறாக ‘உடன் விளைவு’ எனலாமா என்று அறிஞர் எண்ணிப் பார்ப்பது நன்று. பயனோடு உடன் வருவது அது, ஓரத்தில் வருவதன்று. பெயர் எதுவாயினும், தீங்கு நேர்ந்தவர் அதைப் படித்ததும், ‘இது எனக்கு நேர்ந்ததே’ என்று அறிந்துகொள்ளுமாறு இருத்தல் வேண்டும். 329-ஆம் ஆய்வின் குறிப்பேடுகளில் இளையோர்க்கு நேர்ந்தது எழுதப்பட்டுத்தான் இருந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்தே அது அதன் சொந்தப் பெயரால் அழைக்கப்பட்டது.